நான்கு லைன்களில் ஒன்று

அந்த நான்கு லைன்களையும் மூன்று இடங்களுக்கும் பொதுவாக வைத்துவிடலாம் என்று சொன்னது நான்தான். ஆகவே பின்னால் நடந்ததில் என் பங்கும் இருக்கிறது.

தாம்பரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள அலுவலகங்களுக்கு டெலிபோன் இணைப்புகளை அமைத்துக் கொடுப்பதும், பிறகு அவை படுத்துக்கொள்ளும்போதெல்லாம் போய் எழுப்பிவிடுவதும் என் தொழில். இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன். முன்பெல்லாம் ஏணி, ஒயர், ட்ரில்லிங் மெஷின். இப்போது பெரும்பாலும் லேப்டாப். உட்கார்ந்த இடத்திலிருந்தே பாதி வேலையை முடித்துவிடலாம். மீதிப் பாதிக்கு ஸ்கூட்டரை எடுத்தாக வேண்டும். சிக்குன்குனியா வந்துபோன பிறகு என் முழங்கால்களுக்கு அந்த மீதிப் பாதி மட்டும்தான் தெரியும்.

இந்தக் கம்பெனி அட்டைப்பெட்டி தயாரிப்பது. தாம்பரத்தில் அலுவலகம், படப்பையில் தொழிற்சாலை, பள்ளிக்கரணையில் குடோன். முன்பு ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக டெலிபோன் லைன்கள் இருந்தன. பாதி லைன் நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். நான்தான் மேனேஜரிடம் எடுத்துச் சொன்னேன். வெளி லைன் நான்கு போதும், அவற்றைத் தாம்பரத்தில் உள்ள எக்ஸ்சேஞ்ச் பெட்டியில் கொண்டுவந்து முடித்துவிடலாம், படப்பையிலும் பள்ளிக்கரணையிலும் சின்னப் பெட்டிகளை வைத்து இன்டர்நெட் வழியாகத் தாம்பரத்தோடு சேர்த்துவிடலாம் என்றேன். படப்பையில் ஒருவர் வெளியே போன் போட்டால் அது தாம்பரத்துக்கு வந்து அந்த நான்கில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போகும். யார் எங்கிருந்து பேசினாலும் எதிராளியின் போனில் கம்பெனியின் ஒரே நம்பர்தான் தெரியும். அந்த நம்பருக்கு யார் திருப்பிப் போட்டாலும் தாம்பரம் ரிசப்ஷனில் மணியடிக்கும். மேனேஜருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. ஒரு வருடம் எந்தத் தகராறும் இல்லை.

பிறகு ஒரு நாள் அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், காலைல ஒன்பதரைக்கு மேல லைன் கிடைக்கவே மாட்டேங்குது. கஸ்டமர் எல்லாம் பிஸி பிஸின்னு சொல்றாங்க. நேத்து ஒரு லோடு அட்ரஸ் கேக்க லைன் கிடைக்காம மூணு மணி நேரம் ரோட்ல நின்னுருக்கு."

எனக்கு அன்று சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் அவர்கள் பெட்டிக்குள் நுழைந்து பார்த்தேன். காரணம் உடனே கண்ணில் பட்டது. படப்பை ஸ்டோர்ஸில் உள்ள எக்ஸ்டென்ஷனிலிருந்து தினமும் ஒன்பதரை வாக்கில் ஒரு செல் நம்பருக்கு ஒரு அழைப்பு போகிறது. அது இரண்டு மணி நேரம், இரண்டரை மணி நேரம் அப்படியே நிற்கிறது. நான்கு லைன்களில் ஒன்று காலை முழுக்க அதிலேயே போய்விடுகிறது. ஆர்டர்கள் வருவதும் லாரிகள் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான் என்பதால் மீதி மூன்று போதவில்லை.

யாரோ அரட்டை அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். அதை மேனேஜரிடம் சொன்னால் விசாரணை, கூச்சல், யாராவது ஒருவருக்கு வேலை போகும். படப்பைக்குப் போய் யார் என்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. ஆகவே சுலபமான ஒன்றைச் செய்தேன். வெளியே போகும் எந்த அழைப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் தானாகவே கட் ஆகும்படி மூன்று இடங்களுக்கும் சேர்த்து ஒரு வரம்பு வைத்தேன். நான்கைந்து கிளிக். யாரையும் காட்டிக்கொடுக்காமல் முடித்துவிட்டோம் என்று அப்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார். லைன் பரவாயில்லை, ஆனால் இப்போது வேறு ஒரு பிரச்சினை, நேரில் வாருங்கள் என்றார்.

தாம்பரம் அலுவலகத்தின் ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். கெட்டிக்காரப் பெண். எந்த எக்ஸ்டென்ஷன் யாருடையது என்று சீட்டைப் பார்க்காமலே சொல்லுவாள். அன்று என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"சார், இத எப்படி சொல்றதுன்னு தெரியல. ஒரு ஆளு தினம் போன் பண்றான். பேச மாட்டான். மூச்சு வாங்கறான், அப்புறம் ஒரு மாதிரி சத்தம் போடறான். மொதல்ல ராங் நம்பர்னு வச்சிட்டேன். ஆனா தினம் மூணு நாலு வாட்டி வருது. போன வாரம் தாங்க முடியாம நல்லா திட்டிட்டேன்."

"அப்பவும் வருதாம்மா?"

"வருது சார். திட்டினா இன்னும் பெரிசா சத்தம் போடறான். வீட்ல எங்க அத்தாகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா நாளைல இருந்து வேலைக்குப் போக வேணாம்னுடுவாரு."

மேனேஜர் தன் அறையிலிருந்து வந்து நின்றார். "அந்த நம்பர பிளாக் பண்ணுங்க சார். ஒரு பிரிண்ட் அவுட்டும் வேணும். ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுக்கப் போறேன்," என்றார்.

அவளுடைய மேஜையின் ஓரத்திலேயே லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். உள்ளே வந்த அழைப்புகளின் பட்டியலில் அந்த நம்பர் இருந்தது. பத்து இரண்டுக்கு ஒரு அழைப்பு. பத்து நாற்பத்தொன்றுக்கு ஒன்று. பதினொன்று பதினேழுக்கு ஒன்று. முந்தின நாளைப் பார்த்தேன், அதற்கும் முந்தின நாளைப் பார்த்தேன், ஏறக்குறைய அதே மாதிரி. அந்த நம்பரை எங்கேயோ பார்த்தது போலவும் இருந்தது. வெளியே போன அழைப்புகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்தேன்.

அதே நம்பர். படப்பை ஸ்டோர்ஸிலிருந்து ஒன்பது முப்பத்தொன்றுக்குப் போன அழைப்பு பத்து ஒன்றுக்கு என் வரம்பு பட்டு கட் ஆகியிருந்தது. ஒரு நிமிடம் கழித்து ரிசப்ஷனில் மணியடித்திருந்தது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கட் ஆனதும் அந்த மனிதன் திருப்பிப் போட்டிருக்கிறான். கம்பெனியின் ஒரே நம்பர் தெரிந்ததால் அழைப்பு இவளிடம் வந்து விழுந்திருக்கிறது.

"பிளாக் பண்ணிட்டீங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஒரு நாள் குடுங்க சார். வேற ஏதோ கோளாறு மாதிரி தெரியுது."

மறுநாள் காலை படப்பைக்குக் கிளம்பினேன். முடிச்சூர் ரோட்டில் ஏதோ பள்ளம் தோண்டியிருந்தார்கள். மண்ணிவாக்கம் தாண்டி வாலாஜாபாத் சாலையில் ஏறியதும் ஒரகடம் போகும் லாரிகள் முன்னாலும் பின்னாலும். போய்ச் சேரும்போது பத்தேமுக்கால். கேட்டில் செக்யூரிட்டி என் செல்போனை வாங்கி மர அலமாரியில் ஒரு தட்டில் வைத்து டோக்கன் கொடுத்தார். உள்ளே வேலை செய்கிற எல்லோருக்கும் அதே விதிதான். மிஷின் பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு விரல் போனதிலிருந்து அப்படியாம்.

ஸ்டோர்ஸ் என்பது தகரக் கூரை போட்ட நீளமான அறை. பசை டிரம்கள், இங்க் டப்பாக்கள், கட்டுக் கட்டாகக் காகிதம். நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் லெட்ஜரில் எழுதிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் டெலிபோன். ரிசீவர் அதன் மேல் இல்லை. பக்கத்தில் நான்காக மடித்த துண்டின் மேல் மல்லாந்து கிடந்தது.

நான் கையில் வைத்திருந்த பையைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார்.

"போன் ரிப்பேர் பண்றவரா சார்? நல்லவேள வந்தீங்க. மூணு வாரமா ஒரே பேஜாரா கீது. அரை மணிக்கு ஒருக்கா லைன் கட் ஆயிக்கினே கீது. அத மட்டும் பாத்து சரி பண்ணிக் குடுங்க சார்."

அவரிடம் என்னென்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"யாருக்கும்மா போன் போடறீங்க?"

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "எங்க வூட்டுக்கு சார். எங்க வூட்டுக்காரருக்கு."

பிறகு அவரே சொன்னார். கணவர் லாரி ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. சொல்வது எல்லாம் புரியும், திருப்பிச் சொல்ல வராது. நாத்தனார் ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்குகிற வேலை முடித்து வர மதியம் பன்னிரண்டு ஆகும். அதுவரை அவர் தனியாகக் கிடக்க வேண்டும். செல்போனை கேட்டில் வாங்கிவிடுவதால் இந்த போனை விட்டால் வேறு வழி இல்லை.

"நான் பேசறதில்ல சார். வேல நேரத்துல எங்க பேசறது? இப்படி வச்சிருவேன். போறப்ப வரப்ப எடுத்துக் கேப்பேன். ஃபேன் சத்தம் கேக்கும். இருமினா கேக்கும். அவருக்கும் இங்க நடக்கறது கேட்டுக்கினு இருக்கும். லாரி ரிவர்ஸ் எடுக்கற சத்தம் கேட்டா சிரிப்பாரு."

"கட் ஆனா?"

"பயந்துடறாரு. போன்ல பச்ச பட்டன் மட்டும் இடது கையால அமுக்க வரும். அத அமுக்கி அவரே திருப்பிப் போடறாரு. அது யாருக்குப் போவுதோ தெரியல. சாயங்காலம் போனா போனக் காட்டிக் காட்டி அழுவுறாரு. இன்னா ஆச்சின்னு கேட்டா அவரால சொல்ல முடியல."

எனக்குத் தெரியும் என்ன ஆயிற்று என்று. பசை டிரம் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். கால் வலிக்காக உட்கார்ந்தேன் என்று அவர் நினைத்திருப்பார்.

"அது தாம்பரம் ஆபீசுக்குப் போகுதும்மா. அங்க இருக்கற பொண்ணு யாரோ வம்பு பண்றாங்கன்னு நினைச்சு திட்டிட்டா. கட் பண்ணது நான்தான். லைன் போதலன்னு சொன்னாங்க, அரை மணிதான் பேசலாம்னு நான் வச்சேன்."

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். லெட்ஜரை மூடிவிட்டு, "அப்ப எனக்கு வேல போயிடுமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

நான் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஃபேன் சுற்றும் சத்தம், ஒரு சுற்றுக்கு ஒரு கிறீச். யாரோ மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். தூரத்தில் ஒரு பால்காரரோ யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார். நான் ரிசீவரைப் பழையபடி துண்டின் மேல் வைத்தேன்.

பழைய ஏற்பாட்டில் படப்பையிலேயே அக்கவுண்ட்ஸ் அறையில் ஃபேக்ஸுக்கென்று ஒரு தனி லைன் இருந்தது. எல்லாவற்றையும் பொதுவாக மாற்றியபோது அதை நான் தொடவில்லை. யாரும் சரண்டர் செய்யவும் இல்லை. போய்ப் பார்த்தேன். ஃபேக்ஸ் மெஷின் மேல் பழைய காலண்டர்கள் அடுக்கியிருந்தன. ஒயரை உருவிச் சோதித்தால் டயல் டோன் வந்தது. அங்கிருந்து படப்பைப் பெட்டி வரைக்கும் ஒரு ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. மண்டியிட்டு, மேஜைகளுக்கு அடியில் புகுந்து இழுத்தேன். ஸ்டோர்ஸிலிருந்து அந்த ஒரு நம்பருக்குப் போடுகிற அழைப்பு மட்டும் தாம்பரம் போகாமல் ஃபேக்ஸ் லைன் வழியாக நேரே வெளியே போகும்படி வைத்தேன். நான்கு பொது லைன்களுக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. அதற்கு நேர வரம்பும் கிடையாது. கணவர் திருப்பிப் போட்டால் ஃபேக்ஸ் லைனில் மணியடிக்கும். அதை ஸ்டோர்ஸுக்கே திருப்பிவிட்டேன். ஒயர் இழுத்ததைத் தவிர்த்தால் பத்து நிமிட வேலை. முதல் நாளே வந்து பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அனுமதி யாரிடமும் கேட்கவில்லை. கம்பெனியின் லைனை இப்படிக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்துதான் செய்தேன்.

சாயங்காலம் தாம்பரம் அலுவலகத்துக்குப் போனேன். மேனேஜர், "யாரு சார் அது?" என்றார். "வம்பு இல்ல சார். கால் தப்பா ரூட் ஆயிட்டிருந்தது. சரி பண்ணிட்டேன், இனிமே வராது," என்றேன். அவர் தன் அறைக்குத் திரும்பிப் போனார்.

ரிசப்ஷன் பெண்ணிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவள் மேஜைமேல் இருந்த பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள்.

"நான் அவர செருப்பால அடிப்பேன்னு சொன்னேன் சார்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஸ்டோர்ஸ்ல அவங்க இல்லாதப்ப போன் வந்தா?"

"அடிச்சு அடிச்சு நின்னுரும்."

"ஆறு ரிங் போகட்டும் சார். அதுக்கு மேல எனக்கு வர்ற மாதிரி வைங்க. நான் எடுக்கறேன்."

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அப்படியே வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் அந்த அலுவலகத்துக்கு இரண்டு மூன்று முறைதான் போனேன். வாரத்தில் ஓரிரு நாள் அந்த அழைப்பு அவளிடம் வருகிறது என்று சொன்னாள். அக்கா லோடு இறக்கப் போயிருக்காங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாங்க என்று சொல்லுவாளாம். அவர் ஒரு சத்தம் கொடுப்பாராம். சும்மா வைக்க மனம் வராமல் தாம்பரத்தில் மழை பெய்கிறதா இல்லையா, ஜிஎஸ்டி ரோட்டில் டிராஃபிக் எப்படி என்று ஏதாவது சொல்லுவாளாம். "லாரி ஓட்டினவருதானே சார், டிராஃபிக்னா இஷ்டமா கேக்கறாரு," என்றாள்.

அடைமழை நாளில் ஒரு காலை, ஆறு ரிங் தாண்டி அவளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. வழக்கமான சத்தம் இல்லை. போன் தரையில் உரசுவது போல ஓசை, அதற்குப் பின்னால் எங்கோ அவர் முனகுவது. அவள் கட் செய்யாமல் இன்னொரு போனில் படப்பை கேட்டைக் கூப்பிட்டு, ஸ்டோர்ஸ் அக்காவை உடனே வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். செக்யூரிட்டி தன் பைக்கிலேயே மழையில் அவரைக் கொண்டுபோய் விட்டாராம். கணவருக்குக் கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அந்த அம்மா வீட்டுக்கு வந்து சேரும்வரை, "அக்கா வந்துகிட்டே இருக்காங்கண்ணா, வந்துகிட்டே இருக்காங்க," என்று இவள் போனில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். இதை என்னிடம் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரியில் நடந்தது. அந்த அம்மா வேலையை விட்டு நின்றுவிட்டார்.

அதற்குப் பின்தான் மேனேஜர் ஃபேக்ஸ் லைனைக் கவனித்தார். அதை சரண்டர் செய்யும் முன் அதன் பழைய அழைப்புகளைப் புரட்டியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சொல்லியிருக்கலாமே சார் எங்கிட்ட," என்றார்.

"சொன்னா வேலைய விட்டு எடுத்துடுவீங்கன்னு நினைச்சேன் சார்."

"எடுத்திருப்பேனோ என்னவோ," என்றார். பிறகு, "இல்ல, கேட்ல அவங்க போன வாங்காதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேன். ஸ்டோர்ஸ்ல என்ன மிஷினா ஓடுது?" என்றார்.

ஒரே வார்த்தையில் தீர்ந்திருக்கக்கூடியது. அந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லை. எதைக் கொடுத்தாலும் அதை லைன், பெட்டி, ரூட் என்றுதான் என் புத்தி பிரித்துப் பார்க்கிறது. அவர் உண்மையில் அப்படிச் செய்திருப்பாரா என்றும் எனக்குத் தெரியாது. நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி அன்று அன்பாகப் பேசுவது அவருக்கும் சுலபமாக இருந்திருக்கலாம்.

ஃபேக்ஸ் ஒயரைக் கழற்றப் படப்பைக்குப் போனேன். ஸ்டோர்ஸில் இப்போது வேறு ஒருவர். வேலை முடிந்து வெளியே வந்து, கேட்டில் செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். அந்த நம்பர் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. போட்டேன். அந்த அம்மாதான் எடுத்தார். யார் என்று சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"இப்ப பரவால்ல சார். சாஞ்சி ஒக்கார்றாரு. நான் வூட்லயே பால்ஸ் அடிக்கிறேன், பொடவைக்கு. அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறப்பல்லாம் நாத்தனாரும் கூட வருது. பக்கத்துலதான் கீறாரு, பேசறீங்களா?"

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. என் பெயரைச் சொன்னேன். உங்க லைன கட் பண்ணது நான்தான், மன்னிச்சிடுங்க என்றேன். மூச்சு கேட்டது. பிறகு "ம்" என்றார். கொஞ்சம் இழுத்து, மறுபடியும் ஒரு "ம்". அது சரி என்பதா, போ என்பதா, வெறுமனே கேட்டுக்கொண்டேன் என்பதா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. அந்த நேரம் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸில் பின்னால் வரத் தொடங்கியது. நான் போனை அதன் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு அது திரும்பி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.